காதுகுத்துக்கு மிச்சம் பிடித்த விடுப்பு

அன்புள்ள ஐயா,

மனைவிக்கு எட்டாம் மாதம். எனக்கு நான்கு வாரத் தந்தையர் விடுப்பு உண்டு. மாமியார் ஊரிலிருந்து வந்துவிடுவார், வீட்டில் எனக்கு என்ன வேலை? ஒரு வாரம் மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மொட்டை, காதுகுத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? பரிசோதனைக்குக் கூடப் போனாலும் டாக்டர் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

- ஒரு வாசகர், பொங்கோல், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

டாக்டர் முகம் பார்க்காததை விடுங்கள். சுமப்பவர் நீங்கள் இல்லையே.

இந்த விடுப்பு 2013-இல் ஒரு வாரம், 2017-இல் இரண்டு. 2025 ஏப்ரலிலிருந்துதான் நான்கு வாரமும் கட்டாயம். முதலாளி சம்மதித்தால் 12 மாதத்துக்குள் பிரித்து எடுக்கலாம். சட்டப்படி தப்பில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"மாமியார் இருக்கிறார், எனக்கு என்ன வேலை?" 1994-இல் நானும் இதையேதான் சொன்னேன். மூன்று நாள் சொந்த லீவு போட்டுவிட்டுக் கப்பல் பட்டறைக்கு ஓடினேன். பிரசவமான எட்டாம் நாள் இரவு வேலைக்குக் கிளம்பும்போது, தலை வலிக்கிறது, கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள் என் மனைவி. தூக்கமில்லாத வலி என்று மாத்திரை கொடுத்தேன். பச்சை உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார் மாமியார். பக்கத்து வீட்டு மலாய் அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர்தான், வீங்கிய முகத்தைப் பார்த்து டாக்சியில் ஏற்றிப் போனார். பேஜர் அடித்து நான் போய்ச் சேர்ந்தபோது ரத்த அழுத்தம் 170-க்கு 110. வலி எப்போதிலிருந்து, முன்பே அழுத்தம் இருந்ததா, என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று தாதி கேட்டார். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்தது.

பிழைத்துக்கொண்டாள். இதைப் படித்துவிட்டு இப்போது, "எட்டில்லை, ஒன்பதாம் நாள்" என்று திருத்துகிறாள்.

பிரசவத்தோடு அழுத்தம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறு வாரம் வரைகூட அது புதிதாகத் தலைகாட்டலாம், வலிப்பில் கொண்டுபோய் விடலாம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. ராத்திரியெல்லாம் பால் கொடுத்து விழித்துக் கிடப்பவளுக்குத் தன் தலைவலி பெரிதாகத் தெரியாது. அதைக் கவனிக்கத்தான் இன்னொரு ஆள். மாமியாருக்குச் சுறாப்புட்டும் பத்தியமும் தெரியும், இது தெரியாமல் இருக்கலாம். உங்களுக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் டாக்டர் அறையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள், கேட்கலாமே! (செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் எந்த முகத்தைப் பார்ப்பார்?)

துவாஸ் தொழிலாளர் விடுதியில் இருக்கும் நம்மூர்ப் பையன்களுக்கு இந்த விடுப்பே கிடையாது. பிள்ளைக்குச் சிங்கப்பூர்க் குடியுரிமை இருக்க வேண்டும். அவர்கள் மகள் முகத்தைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். நீங்கள் என்னடாவென்றால் காதுகுத்துக்கு மிச்சம் பிடிக்கிறீர்கள். இங்கேயே சிராங்கூன் சாலையில் குத்தினாலும் காது காதுதான்.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. போன பரிசோதனையில் அவருக்கு அழுத்தம் எவ்வளவு? அவரைக் கேட்காமல் எழுதுங்கள்.