900 கிராமில் 5 ஆம்பியரா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பழைய காரிலிருந்து கழற்றி வைத்திருந்த ஸ்டீரியோவை வீட்டில் பாடவைக்க ஆசைப்பட்டு, சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் 12-0-12, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரும், ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜும், கெப்பாசிட்டரும் வாங்கினேன். டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு ஓரக் கம்பிகளையும் பிரிட்ஜில் கொடுத்தேன். நடுக் கம்பியை டேப் சுற்றி விட்டுவிட்டேன். ஸ்விட்சைப் போட்டதும் ‘டப்’ என்று ஒரு சத்தம், ஸ்டீரியோ போய்விட்டது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 34 வோல்ட். 12 வோல்ட் என்று சொல்லி 34 வோல்ட் சரக்கைத் தருவது மோசடி இல்லையா? எடையும் 900 கிராம்தான் இருக்கிறது. கடையில் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: 34 வோல்ட்டுக்குக் கடைக்காரர் பொறுப்பில்லை. ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த 900 கிராம் இருக்கிறதே, வழக்கு அங்கேதான் இருக்கிறது.

முதலில் வோல்ட் கணக்கு. 12-0-12 என்றால் நடுக் கம்பியிலிருந்து ஒவ்வொரு ஓரத்துக்கும் 12 வோல்ட் ஏ.சி. (மாறுமின்சாரம்). இரண்டு ஓரங்களையும் பிடித்தால் 24. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுக்குப் பின்னால் கெப்பாசிட்டர் வைத்துவிட்டால், அது ஏ.சி. அலையின் உச்சி வரை ஏறி நிற்கும். உச்சி என்பது சொல்லப்படும் வோல்ட்டைப்போல் 1.414 மடங்கு. 24-க்கு உச்சி 34. பிரிட்ஜில் எப்போதும் இரண்டு டயோடுகள் வழியில் நிற்பதால் அதில் 1.4 வோல்ட் கழியும். ஆனால் சுமை இல்லாதபோது சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகவே தரும். மீட்டர் 34 காட்டியதில் வியப்பில்லை. கார் ஸ்டீரியோ வண்டி ஓடும்போது வரும் 14 வோல்ட் சொச்சத்துக்குச் செய்யப்பட்டது. அது வெடித்ததிலும் வியப்பில்லை.

நடுக் கம்பியை நெகட்டிவ் ஆக்கி, இரண்டு ஓரங்களிலும் ஆளுக்கொரு டயோடு போட்டு, அவற்றின் கோடு போட்ட முனைகளைப் பாசிட்டிவாகச் சேர்த்திருந்தால் 16 வோல்ட் வந்திருக்கும். அதுவும் உங்கள் ஸ்டீரியோவுக்கு அதிகம்தான். இரவில் லைன் வோல்ட்டேஜ் 250-ஐத் தொட்டால் இன்னும் ஏறும். 12 வோல்ட் டி.சி. (நேர்மின்சாரம்) வேண்டும் என்றால் கடையில் 9-0-9 கேட்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ‘எனக்கு டி.சி.யில் இத்தனை வோல்ட், இத்தனை ஆம்பியர் வேண்டும், எதைத் தருவீர்கள்?’ என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தொழில் தெரிந்திருந்தால் என்ன சாமானுக்கு என்று திருப்பிக் கேட்பார். கேட்காமல் எடுத்து நீட்டினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

இப்போது எடைக்கு வருவோம். 24 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் இரண்டையும் பெருக்க 120 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்). அவ்வளவு சக்தியைத் தாங்க இரும்புத் தகடும் தாமிரமும் சேர்ந்து ஒன்றரை கிலோவுக்கு மேலாவது இருக்க வேண்டும். தராசு இல்லாவிட்டால் அடி ஸ்கேல் போதும். தகட்டு அடுக்கின் நீளமான பக்கத்தை அளந்து மூன்றால் வகுத்தால், கம்பிச் சுற்றுக்குள் மறைந்திருக்கும் நடுநாக்கின் அகலம் கிடைக்கும். அதை அடுக்கின் கனத்தால் பெருக்குங்கள். நீளப் பக்கம் ஏழரை சென்டிமீட்டர், கனம் 2.8 என்று வைத்துக்கொண்டால், 2.5-ஐ 2.8-ஆல் பெருக்க, 7 சதுர சென்டிமீட்டர். இந்தப் பரப்பை அதனாலேயே பெருக்கினால் ஏழேழு நாற்பத்தொன்பது; அதில் கால் பங்கு கழித்தால் ஏறக்குறைய 37 வி.ஏ. 120 வி.ஏ.க்குப் பன்னிரண்டரை சதுர சென்டிமீட்டர் வேண்டும். எடையை வைத்துப் பார்த்தால், உங்கள் கையில் இருப்பது தாராளமாகப் பார்த்தாலும் 2 ஆம்பியர் சரக்கு. மேலே ஒட்டிய ஸ்டிக்கர்தான் 5 ஆம்பியர்.

எனவே ஸ்டீரியோவுக்கு நஷ்டஈடு கேட்காதீர்கள். இணைப்புக் கொடுத்தது நீங்கள். ‘5 ஆம்பியர் என்று விற்றது 5 ஆம்பியர் இல்லை’ என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பில்லில் ‘5 ஆம்பியர்’ என்று எழுதியிருந்தால் கையில் ஆயுதம் இருக்கிறது. வெறும் ‘டிரான்ஸ்ஃபார்மர் 1’ என்று இருந்தால் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வையுங்கள். முதலில் நேரில் போய் மாற்றித் தரச் சொல்லுங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. சில நூறு ரூபாய்ச் சரக்குக்காக அங்கே வரை போவீர்களா என்பது உங்கள் பிடிவாதத்தைப் பொறுத்தது. நானாக இருந்தால் ஒரு தராசோடு கடைக்குப் போவேன்.

கேள்வி: சென்டர் டேப்போடு (நடுக் கம்பியோடு) இரண்டு டயோடு நல்லதா, நான்கு டயோடு பிரிட்ஜ் நல்லதா?
- வாசகர், கொடுங்கையூர்

பதில்: இரண்டு டயோடு முறையில் ஒரு நேரத்தில் பாதிக் கம்பிதான் வேலை செய்யும், மறு பாதி சும்மா இருக்கும். பிரிட்ஜில் கம்பி முழுவதும் உழைக்கும், ஆனால் ஒரு டயோடு வோல்ட் கூடுதலாக இழப்பீர்கள். 5 வோல்ட், 6 வோல்ட் சப்ளைக்கு அந்த இழப்பு உறைக்கும். 30 வோல்ட்டில் உறைக்காது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் போட்டால், செகண்டரியில் (வெளியே மின்சாரம் தரும் சுற்றில்) எழுதிய ஆம்பியரில் 60 சதவீதம் அளவுதான் டி.சி.யாக எடுக்கலாம். 5 ஆம்பியர் செகண்டரியில் 3 ஆம்பியர். அதற்கு மேல் இழுத்தால் கைவைக்க முடியாமல் சுடும்.

ஆம்ப்ளிஃபயரில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் டயோடைக் குறை சொல்லாமல் கெப்பாசிட்டரைப் பாருங்கள். 1 ஆம்பியர் இழுக்கும்போது 1000 மைக்ரோஃபாரட் வைத்தால் அலை கிட்டத்தட்ட 10 வோல்ட் ஆடும்; 4700 வைத்தால் ஏறக்குறைய 2 வோல்ட்டில் அடங்கும்.

கேள்வி: மைக்செட் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது. ‘காப்பரில் சுற்றித் தருகிறேன்’ என்கிறார் வைண்டிங்காரர். எப்படி நம்புவது?
- வாசகர், காசிமேடு

பதில்: நம்ப வேண்டியதில்லை, சுரண்டிப் பாருங்கள். செகண்டரி நுனியில் பிளேடால் எனாமலைச் சுரண்டி, அந்த நுனியை வெட்டி வெட்டுமுகத்தையும் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் தாமிரம், வெள்ளையாக இருந்தால் அலுமினியம். மேலே தாமிரம் பூசிய அலுமினியக் கம்பியும் உண்டு. அது வெட்டுமுகத்தில்தான் காட்டிக்கொடுக்கும். அலுமினியம் பாவமில்லை. ஆனால் அதே தடிமனில் மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். ஆகவே தடித்த கம்பி வேண்டும், பழைய பாபினில் (கம்பி சுற்றும் கூட்டில்) இடம் இருக்காது.

பழைய சுற்றைப் பிரிக்கும்போது கூடவே இருந்து, சுற்று எண்ணிக்கையையும் கம்பியின் கேஜையும் (தடிமன் எண்ணையும்) எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் 60 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்து, செகண்டரியில் எதையும் இணைக்காமல் பிரைமரிக்கு (லைன் மின்சாரம் வாங்கும் சுற்றுக்கு) மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள். பல்பு மங்கலாகவோ எரியாமலோ இருந்தால் சரி. பளிச்சென்று எரிந்தால் உள்ளே சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பணம் கொடுக்க வேண்டாம்.

உங்கள் ஊரில் கடல்காற்று வேறு. வார்னிஷில் முக்கிச் சூட்டில் உலர்த்தித்தான் தர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். மேலே பிரஷ்ஷால் பூசிக் காட்டுவது பளபளப்புக்கு மட்டும்தான் உதவும்.