கையோடு கொண்டுபோகும் விஎச்எஃப் ஆன்டெனா: வாங்குவதா, செய்துகொள்வதா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. கையில் 5 வாட் விஎச்எஃப் வயர்லெஸ் செட். புயல் சீசனுக்கு முன்னால், தனுஷ்கோடியில் நின்று ராமேஸ்வரத்தில் இருக்கும் நண்பரோடு பேசிப் பழக வேண்டும். செட்டோடு வந்த ரப்பர் ஆன்டெனாவில் பாதி வழியிலேயே குரல் கரைந்துவிடுகிறது. ஒரு மீட்டர் நீளத்தில் '6 டிபி கெயின்' என்று போட்ட ஆன்டெனா ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. நாம் பேசும் 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளமே 2 மீட்டர் சொச்சம். ஒரு மீட்டர் குச்சி என்பது அரை அலை. அதன் கெயின், அதாவது சக்தியை வேண்டிய பக்கம் குவிக்கும் திறன், 2 டிபிஐ (எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பும் ஆன்டெனாவோடு ஒப்பிட்ட டிபி) சொச்சம்தான். 6 என்று அட்டையில் அச்சடிப்பதால் குச்சி வளர்ந்துவிடாது.

இந்த அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போவதால் உங்களுக்கு வேண்டியது உயரம். தரையிலிருந்து ஆன்டெனா எத்தனை மீட்டரோ அதற்கு வர்க்கமூலம் எடுத்து 4.12ஆல் பெருக்குங்கள், அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். கையில் பிடித்தால் 1.5 மீட்டர், அதாவது 5 கிலோமீட்டர். நண்பரும் அப்படியே நின்றால் மொத்தம் 10. இருவரும் 6 மீட்டர் கம்பில் ஏற்றினால் 20. ராமேஸ்வரத்திலிருந்து பழைய தனுஷ்கோடி அதற்குள் அடங்கிவிடும். கம்பு ஃபைபர்கிளாஸாகவோ மூங்கிலாகவோ இருக்கட்டும். கார்பன் தூண்டில் கம்பு மின்சாரத்தைக் கடத்தும், வேண்டாம். மின்கம்பி போகும் இடத்திலும் இடி மின்னல் நேரத்திலும் கம்பைத் தூக்கவே கூடாது.

ஆன்டெனாவை நீங்களே செய்யுங்கள். நாலு மூலையிலும் துளை உள்ள எஸ்ஓ-239 (கேபிள் பிளக் மாட்டும்) சாக்கெட் ஒன்று, வெல்டிங் சாமான் விற்கும் கடையில் பித்தளை ராடு. நடுவில் 49 சென்டிமீட்டர் நேராக நிற்க, மூலைக்கு ஒன்றாக 52 சென்டிமீட்டரில் நான்கு, குடைக்கம்பி மாதிரி 45 டிகிரி கீழே சாய வேண்டும். எல்லாவற்றையும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகவே வெட்டி, எஸ்டபிள்யூஆர் மீட்டரை (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி செட்டுக்கே திரும்புகிறது என்று காட்டுவது) பார்த்துக்கொண்டு நடுக்கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குங்கள். 1.5க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடலாம்.

பைக்குள் சுருட்டி வைக்கும்படி வேண்டுமென்றால் ஜே-போல் என்ற ஜே எழுத்து வடிவ ஆன்டெனா. இலங்கை ரூபவாகினி டிவி பார்க்க மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து இறக்கினோமே, அந்த 300 ஓம் தட்டை ஒயரில் ஒன்றரை மீட்டர் போதும். பழைய வீட்டுப் பரணில் தேடிப் பாருங்கள்.

காசைச் செட்டிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளில் போடுங்கள். மெல்லிய ஆர்ஜி-58 பத்து மீட்டர் ஓடினால் உங்கள் 5 வாட்டில் ஏறத்தாழ 3 வாட்தான் மேலே போய்ச் சேரும். தடித்த ஆர்ஜி-213 என்றால் 4 வாட்டுக்கு மேல் நிற்கும்.

அதைவிடப் பெரிய எதிரி நம் உப்புக்காற்று. நான் முதலில் போட்ட பிளக்கை ஒரே ஒரு கச்சான் காற்றுக் காலம் கழித்து வெட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு ஜாண் நீளத்துக்குச் செப்புப் பின்னல் கறுத்துப் பச்சைக் களிம்பு ஏறி, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. வெளியே டேப் பளபளவென்று அப்படியே இருந்தது! சாதாரண இன்சுலேஷன் டேப்பை நம்பாதீர்கள். தன்மேல் தானே ஒட்டி ஒரே கட்டியாகிவிடும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதா டேப் போடுங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் துடைத்து வையுங்கள்.

கேள்வி: விசைப்படகில் இருக்கும் விஎச்எஃப் ஆன்டெனாவைக் கழற்றி ஹாம் செட்டில் மாட்டலாமா? (மண்டபம்)

பதில்: அவசரத்துக்குக் கேட்க மட்டும் மாட்டலாம். அது 156.8 மெகாஹெர்ட்ஸ், அதாவது கடல் சேனல் 16-ஐ ஒட்டி வெட்டியது, 145க்குக் குட்டை. எஸ்டபிள்யூஆர் ஏறும், செட் சூடாகும். ஹாம் செட்டை வைத்துக்கொண்டு சேனல் 16-இல் பேசிப் பார்க்கவும் கூடாது. கடலில் உயிருக்குப் போராடுகிறவர் கூப்பிடும் சேனல் அது. படகு ஆன்டெனா படகிலேயே இருக்கட்டும்.