எலும்புச் சூப் மட்டும் குடித்தால் எடை குறையுமா? நான் குடித்துப் பார்த்தேன்

தங்கையின் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, மாதம் முழுக்கச் சூப் மட்டும் என்று எலும்புச் சாறு டயட் இருந்தால் அதற்குள் 8 கிலோ குறையுமா, இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் 21 நாள் இருந்து பார்த்தவன் நான். எடை குறைந்தது. அதில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. நடுவில் ஒரு நாள் மயங்கியும் விழுந்தேன்.

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில், ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். உட்கார்ந்த வேலை. படகுகள் கரைக்கு வரும் நேரத்தில்தான் எங்களுக்கும் வேலை என்பதால், பாதி நாள் இரவுச் சாப்பாடு பதினொரு மணிக்குப் பரோட்டாதான். வயது 44, உயரம் 168 செ.மீ., சர்க்கரைக்கு மாத்திரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஐஸுக்கும் கிராக்கி இல்லை. அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான் ஷார்ஜாவில் இருக்கிற என் மச்சினன் ஒரு வீடியோ அனுப்பினான். “மச்சான், இதைச் செய்யுங்கள், உங்கள் தொப்பைக்கென்றே சொல்லியிருக்கிறார்கள்” என்றான்.

திட்டம் இதுதான். வாரத்தில் ஐந்து நாள் சோறு, இட்லி, சர்க்கரை, பால், பருப்பு எதுவும் கிடையாது. மீன், கறி, முட்டை, காய்கறி சாப்பிடலாம், கூடவே இரண்டு கப் எலும்புச் சாறு. மீதி இரண்டு நாள் சாறு மட்டும், ஆறு கப். இப்படி மூன்று வாரம். செவ்வாயும் வெள்ளியும் அம்மா வீட்டில் கவிச்சி ஏற்றவே மாட்டார். அதனால் சாறு நாட்களைத் திங்களுக்கும் வியாழனுக்கும் வைத்தேன். செவ்வாயும் வெள்ளியும் காய்கறியும் தேங்காயுமாக ஒப்பேற்றினேன்.

எடை பார்த்தது மீன் கம்பெனியின் எலெக்ட்ரானிக் தராசில். கணவாய்ப் பெட்டி நிறுக்கிற தராசு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன்: 91.4. பக்கத்தில் நின்ற லோடு அடிக்கும் பையன் “அண்ணே, பெட்டி எடை கழிக்கவா?” என்று கேட்டான்.

எலும்பு வாங்கப் போன கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பாய்மார்களை மாமா என்றும் அவர்கள் எங்களை மாப்பிள்ளை என்றும் கூப்பிடுவது வழக்கம். கறிக்கடை மாமாவிடம் நாலு கால், ஒரு கிலோ நெஞ்செலும்பு, மூட்டு எலும்பு தனியாக என்று கேட்டபோது ஒன்றும் சொல்லாமல் வெட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள் மறுபடி போனேன், கொடுத்தார். ஆறாம் நாள் கத்தியை மரக்கட்டையில் வைத்துவிட்டு, “மாப்பிள்ளை, வீட்டில் யாருக்குக் கால் ஒடிந்தது?” என்றார். நம் ஊரில் ஆட்டுக்கால் சூப்புக்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்! எடை குறைக்க என்று சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு துண்டு ஈரலைப் பொட்டலத்தில் சும்மா வைத்துக் கொடுத்தார். ஆனால் செய்தி அதற்குள் தெருவுக்குள் போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டுப் பெரியம்மா ரொட்டியும் ஹார்லிக்ஸுமாக அடிபட்டவரைப் பார்க்க வந்து நின்றார். அந்த ஹார்லிக்ஸையும் நான் தொடக்கூடாது. திட்டத்தில் இல்லை.

காய்ச்சுவது லேசான வேலை இல்லை. காலைத் தீயில் வாட்டி, முடியைச் சுரண்டி, மஞ்சள் போட்டுக் கழுவ வேண்டும். வீடியோவில் 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று சொன்னார்கள். சிலிண்டர் விலைக்கு அது ஆகாது. முதல் தடவை அம்மா கொல்லையில் சீமைக் கருவேல விறகு வைத்து ஏற்றிக் கொடுத்தார். அடுத்ததிலிருந்து குக்கரில் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். குக்கரின் மூதாதையே எலும்புக்காகப் பிறந்ததுதான். 1679இல் லண்டனில் டெனிஸ் பாபின் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவியை அடைத்து வைத்து எலும்பை மெதுவாக்கும் பாத்திரம் ஒன்றைச் செய்து காட்டினார். அதன் வாரிசுதான் நம் வீட்டில் விசில் அடிக்கிறது.

வடிகட்டிய சாற்றை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால், மேலே மெழுகு மாதிரி வெள்ளைக் கொழுப்பு ஏடு கட்டியிருக்கும். அதைக் கத்தியால் நெம்பித் தூக்கினால் முழு வட்டமாகக் கழன்று வரும். அடியில் சாறு கெட்டியாகி, கிண்ணத்தைத் தட்டினால் அதிரும். பாம்பன் பக்கம் கஞ்சிப்பாசி என்ற கடற்பாசியைக் காய்ச்சிப் பார்த்தவர்களுக்கு இந்த அதிர்வு தெரியும். ஆனால் பாசி சித்திரை வெயிலிலும் வெளியிலேயே உறையும், எளிதில் இளகாது. இது அப்படி இல்லை. ஃபிரிட்ஜை விட்டு வெளியே வைத்த கால் மணி நேரத்தில் தண்ணீராகிவிட்டது. எலும்பிலும் தசைநாரிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதம் கொதியில் பிரிந்து ஜெலட்டினாக மாறுவதுதான் இந்த உறைவு. இந்த டயட்டின் பெருமையெல்லாம் இந்த ஜெலட்டினை நம்பித்தான் இருக்கிறது.

முதல் வாரம் முடிந்தபோது தராசு 88.3 காட்டியது. மூன்று கிலோவுக்கு மேல்! மச்சினனுக்குப் போட்டோ அனுப்பினேன். இரண்டாம் வாரம் 87.4. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வாரத் திங்கட்கிழமை, அக்னி நட்சத்திரம் தொடங்கிய மறுநாள். சாறு நாள். காலையில் வழக்கம்போல சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் சாறு குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். பதினொரு மணி இருக்கும். பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்த எண்கள் வரிசையை விட்டு நகர்வது போல இருந்தது. விரல் நடுங்கியது. புழுக்கத்தில் எல்லோருக்கும் வேர்க்கும், எனக்கு வேர்த்தது குளிர்ந்த வேர்வை. எழுந்து தண்ணீர் குடிக்கலாம் என்று நாற்காலியைத் தள்ளியது வரைதான் நினைவு. லோடு அடிக்கும் அதே பையன்தான் தூக்கி உட்கார வைத்து, கடையிலிருந்து ஒரு கலர் சோடா வாங்கி வந்து வாயில் ஊற்றினான். கலர் குடித்த பிறகு ஆஸ்பத்திரியில் குத்திப் பார்த்தபோதே சர்க்கரை 66 தான். 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. குடிப்பதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்குமோ!

டாக்டர் திட்டியது நியாயம். என் மாத்திரையில் கிளிமிபிரைடு இருக்கிறது. வயிற்றில் சோறு விழுந்ததா இல்லையா என்று அது பார்க்காது, கணையத்தை அமுக்கி இன்சுலினை வரவழைத்துக்கொண்டே இருக்கும். சோறு குறைந்தால் மாத்திரை அளவும் குறைய வேண்டும், அதை டாக்டர்தான் செய்ய வேண்டும். நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான், சாற்றினுடையது அல்ல. மாத்திரை அளவை அவர் மாற்றிக் கொடுத்த பிறகுதான் மிச்ச நாட்களை ஓட்டினேன், அதுவும் சாறு நாளில் இரண்டு முட்டை சேர்த்து. உங்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, யூரிக் அமிலம் என்று எது இருந்தாலும் முதலில் டாக்டரிடம் போங்கள். ருசிக்காக இந்தச் சாற்றில் போடுகிற உப்பு கொஞ்சநஞ்சம் அல்ல. நாளுக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது. ஆறு கப்பில் நான் அதைத் தாண்டியிருந்தேன்.

21ஆம் நாள் 86.6. மொத்தம் 4.8 கிலோ குறைந்திருந்தது. சோற்றுக்குத் திரும்பினேன். தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய அன்று அதே தராசில் 89.2. அதாவது 2.6 கிலோ எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

கணக்கு எழுதுகிறவனுக்கு இது உறுத்தாதா? உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். கொழுப்பு எடுத்த சாறு ஒரு கப்பில் சுமார் 40 கலோரி. ஆறு கப் 240. என் உடம்புக்கு நாளுக்கு 2,200 வேண்டும் என்று வைத்தால், சாறு நாள் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1,950 பற்றாக்குறை. ஆறு நாளுக்கு 11,700. மற்ற 15 நாளும் வழக்கத்தைவிட 500 குறைவு என்றால் 7,500. கூட்டினால் 19,200. ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். வகுத்தால் இரண்டரை கிலோ. அப்படியானால் மிச்சம் 2.3 கிலோ? அது தண்ணீர். மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாக ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்து தங்குகிறது. சோற்றை நிறுத்தினால் முதல் வாரத்திலேயே இரண்டும் வெளியேறும், சோறு வந்ததும் இரண்டும் திரும்பும். போனது 2.3, வந்தது 2.6. முந்நூறு கிராம் இடிக்கிறது. அதைக் கறிக்கடை மாமா வீட்டு பக்ரீத் பிரியாணிக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

இந்தக் கணக்கில் கவனித்தீர்களா, கொலாஜனுக்கு எங்கேயும் வேலை இல்லை. சாற்றுக்குப் பதில் ஆறு டம்ளர் ரசம் குடித்திருந்தாலும் கொழுப்பு அதே அளவுதான் கரைந்திருக்கும். சாற்றில் புரதம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அரைகுறைப் புரதம். உடம்பு புரதம் கட்டத் தேவையான டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் ஜெலட்டினில் அறவே கிடையாது. உடம்பால் அதைத் தானாகச் செய்துகொள்ளவும் முடியாது. இது புதுச் சங்கதி இல்லை. ஏழைகளுக்கு எலும்பு ஜெலட்டினைச் சாப்பாடாகக் கொடுக்கலாமா என்று பிரான்சில் பல வருடம் விவாதம் நடந்து, ஜெலட்டினை மட்டும் தின்று விலங்குகள் உயிர் வாழ முடியாது என்று 1841இல் அறிவியல் அகாதெமியின் குழு அறிக்கை கொடுத்தது. அப்படியும் 1970களில் அமெரிக்காவில் கொலாஜனிலிருந்து எடுத்த திரவப் புரதத்தை மட்டும் மாதக்கணக்கில் குடித்து இளைத்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பதிவானது. பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறானது. வாரத்தில் இரண்டு நாள் குடித்த நான் அந்த ஆபத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆனால் “மாதம் முழுக்கச் சூப் மட்டும்” என்று உங்கள் கேள்வியில் ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எலும்புக்குக் கால்சியம் கிடைக்கும் என்பதும் பாதிக் கதைதான். எலும்பில் இருக்கிறது, சாற்றில் சொற்பமே இறங்குகிறது. வினிகர் ஊற்றியும் பெரிதாக ஏறாது. ஒரு டம்ளர் பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் நெத்திலியை முள்ளோடு மென்று தின்னுங்கள்.

நல்லது ஒன்றும் இல்லையா என்றால், இருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு மிளகு தட்டிப்போட்டுச் சுடச்சுட ஒரு கப் குடித்தால் பதினொரு மணிப் பரோட்டாவின் மேல் இருக்கிற வெறி அடங்கியது. அதை மட்டும் வைத்துக்கொண்டேன். ஆட்டுக்கால் வாரம் ஒரு தடவை, செட் 400 ரூபாய்க்கு அதற்கு மேல் கட்டாது. மற்ற நாளில் மீன் தலைச் சாறு, இல்லையென்றால் காரல் மீன் சொதி. முதல் நாள் காரல் வாங்கிக்கொண்டு போனபோது அம்மா, “இது பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுப்பதடா” என்று சிரித்தார். மனைவி சிரித்த சிரிப்பை எழுத முடியாது. குடித்த கையோடு காரலையும் முள் பார்த்துத் தின்றுவிடுகிறேன், புரதம் அதில்தான் இருக்கிறது. மதியம் சோறு உண்டு, ஒரு கரண்டி குறைவு. காலையில் பாம்பன் சாலைப் பாலத்தில் நடக்கிறேன். போக இரண்டு கிலோமீட்டருக்கு மேல், திரும்பவும் அதே தூரம். ஆடியில் கச்சான் காற்று எதிர்த்து அடிக்கும்போது அது நாலு கிலோமீட்டராகவா தெரியும்! பத்து மாதமாகிறது. நேற்று 83.9. மாதத்துக்கு அரை கிலோ சொச்சம். வீடியோ போட இந்த வேகம் உதவாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதத்தில் 8 கிலோ கொழுப்பு என்றால் 61,600 கலோரி, நாளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் பற்றாக்குறை. அதாவது முழுப் பட்டினி. வேண்டாம். இரவுச் சாப்பாட்டைச் சுருக்கி, இனிப்பை நிறுத்தி, நடந்தால் இரண்டு கிலோ நியாயமாகக் குறையும், கல்யாண வாரத்தில் தண்ணீர் எடையாக இன்னொன்று போனால் லாபம். சட்டை தைக்கக் கொடுக்கும்போது இப்போதைய அளவையே கொடுங்கள். பிற்பாடு பிடித்துத் தைக்கலாம், துணி இல்லாமல் விட்டுத் தைக்க எந்தத் தையல்காரராலும் முடியாது.