துணி காயவில்லையா? ‘ட்ரையர்’ வாங்கும் முன் ஒரு நிமிஷம்

கேள்வி: மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஒன்றரை வயதுக் குழந்தை, நடமாட்டம் குறைந்துபோன மாமியார் உட்பட ஐந்து பேர். மொட்டை மாடியை ஹவுஸ் ஓனர் பூட்டியே வைத்திருக்கிறார். ஐப்பசி பிறந்ததிலிருந்து துணி காய இரண்டு நாள் ஆகிறது, ஒரு வாடை வேறு. எங்களிடம் இருப்பது டாப் லோடு மெஷின். கடையில் கேட்டால், “இதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு 8 கிலோ வாஷர் ட்ரையர் எடுங்க, 52,000 ரூபாய்தான், அப்படியே எடுத்து உடுத்திக்கலாம்” என்கிறார்கள். வாங்கலாமா? பால்கனி கிரில்லிலிருந்து ஏசி ஸ்டாண்டு வரை கம்பி கட்டியிருக்கிறோம், இடம் போதவில்லை.

பதில்: வேண்டாம். பொங்கல் வரைக்குமாவது அந்தப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். தை வெயில் வந்தால் உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி தானாகவே போய்விடும். இது கடைக்காரருக்கும் தெரியும். அதனால்தான் அவருக்கு இந்த மாதமே அவசரம்.

27 வருஷமாக வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன். ‘ட்ரையர்’ என்ற சொல்லை வைத்து ஏமாந்தவர்கள் மாதிரி வேறு எதற்கும் ஏமாந்தவர்களை நான் பார்த்ததில்லை. செமி ஆட்டோமேட்டிக்கில் பக்கத்தில் இருக்கும் சின்னத் தொட்டிக்கும் ட்ரையர் என்றுதான் பெயர், அது வெறுமனே சுற்றிப் பிழியும். டாப் லோடில் ‘ஏர் ட்ரை’ என்று ஒரு பட்டன் இருக்கும், அது கொஞ்சம் காற்றை உள்ளே விட்டுக்கொண்டு அதே சுற்றலை நீட்டிக்கும். ஹீட்டர் வைத்து நிஜமாகவே காய வைப்பது மூன்றாவது வகை. மூன்றையும் ஒரே வாயால் ‘ட்ரையர்’ என்று சொல்லி விற்கிறார்கள். இப்படிச் சொல்லக் கூடாது என்று கேட்க இந்த நாட்டில் ஆள் இல்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் கரண்ட் சிக்கன நட்சத்திரத்தைப் பார்த்து ஆறுதல் அடையவும் வேண்டாம், அது துவைக்கும் வேலைக்குக் கொடுத்தது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். தண்ணீரைப் பிழிந்து எடுப்பது மலிவு, ஆவியாக்கி எடுப்பது செலவு. வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் நீங்களே பார்க்கலாம். என் வீட்டுக் குளியல் துண்டு காய்ந்திருக்கும்போது 400 கிராம். டாப் லோடிலிருந்து எடுத்ததும் 720. அதாவது ஒரு துண்டுக்குள்ளேயே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். அதையே என் அம்மாவின் பழைய செமி ஆட்டோமேட்டிக் தொட்டியில் போட்டு எடுத்தேன், 630க்கு வந்தது. டாப் லோடு நிமிஷத்துக்கு எழுநூறு சுற்று சுற்றினால் அந்தச் சின்னத் தொட்டி ஆயிரத்து முன்னூறு சுற்றும். பழசு என்று எடைக்குப் போடுகிறோமே, அந்தத் தொட்டி!

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, துவைத்து முடிந்ததும் துண்டு, ஜீன்ஸ், போர்வை மாதிரி கனமானவற்றை மட்டும் தனியே போட்டு இன்னொரு முறை ஸ்பின் கொடுப்பது. ஐந்து நிமிஷம் போதும், கரண்ட் செலவு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம்.

இப்போது அந்த 52,000 ரூபாய் மெஷினுக்கு வருவோம். ‘8 கிலோ’ என்றது துவைக்க. காய வைக்க எவ்வளவு என்று கேட்டீர்களா? பெரும்பாலும் ஐந்து கிலோ சுமாருக்குத்தான் இருக்கும், அதை மட்டும் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். எட்டு கிலோ துவைத்தால் மூன்று கிலோ ஈரத்துணியை வெளியே எடுத்து உங்கள் கம்பியில்தான் போட வேண்டும். மிச்சம் காய மூன்று நான்கு மணி நேரம். இந்த ரகத்தில் பல மாடல்கள், உள்ளே கிளம்பும் ஆவியைக் குளிர வைக்கக் குழாய்த் தண்ணீரையே விட்டுக்கொண்டிருக்கும். துணி காயத் தண்ணீர் செலவு! லாரித் தண்ணீர் வாங்கும் அபார்ட்மெண்டில் இதை யாரும் சொல்லி விற்பதில்லை.

நூல் தூசியும் இருக்கிறது. தனி ட்ரையரில் அதற்கென்று வலை இருக்கும், ஒவ்வொரு முறையும் தட்டிவிடலாம். இரண்டும் ஒன்றான மெஷின் பலவற்றில் கைக்கு எட்டும் வலை கிடையாது. போன மார்கழியில் இரண்டு வருஷ மெஷின் ஒன்றைத் திறந்தேன். காற்று போகும் பாதை முழுக்கச் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி மாதிரி தூசி படிந்து கிடந்தது, விரலால் உரித்தால் தகடாக வந்தது. நடுவில் ஒரு குழந்தையின் சாக்ஸ். “காயவே மாட்டேங்குது சார்” என்று அந்த அம்மா ஆறு மாதமாகப் புகார் செய்துகொண்டிருந்தாராம். கம்பெனி ஆள் என்று வந்தவர் போர்டு போச்சு என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அந்த ‘கம்பெனி ஆள்’ யார் என்று விசாரித்தால், இணையத்தில் தேடி முதலில் வந்த நம்பருக்கு அடித்திருக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சர்வீஸ் நம்பரை வாரண்டி அட்டையிலிருந்தோ மெஷினின் பின்னால் ஒட்டிய தாளிலிருந்தோ மட்டும் எடுங்கள். தேடலில் மேலே நிற்பவர்களில் பாதிப் பேர் காசு கொடுத்து அங்கே நிற்கிறார்கள். மெஷின் மாட்ட வருகிறவரும் சும்மா போக மாட்டார். ஸ்டாண்டு, உறை, உப்பு நீக்கும் பவுடர் என்று மூவாயிரம் ரூபாய்க்குப் பையைத் திறப்பார், “இது இல்லேன்னா வாரண்டி செல்லாது” என்பார். செல்லும். வாரண்டி அட்டையில் அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள், பை மூடிக்கொள்ளும்.

கரண்ட் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு முறை காய வைக்க மூன்றிலிருந்து நான்கு யூனிட் என்று வையுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டினால் இரண்டு மாதத்தில் நூறு யூனிட் வாக்கில் கூடும். நீங்கள் இப்போது 420 யூனிட்டில் இருந்தால் 500ஐத் தாண்டிவிடுவீர்கள். தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்று நினைக்காதீர்கள், 500க்குள் இருப்பவர்களுக்குக் கீழ் யூனிட்டுகளில் கிடைக்கும் சலுகையும் கைவிட்டுப் போகும். ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார் என்றால் அது இன்னும் மோசம், அதைப் பற்றித் தனியாகத்தான் புலம்ப வேண்டும்.

சரி, இந்த மழைக்கு என்ன செய்வது? ஏசி இருக்கும் அறையில் ஸ்டாண்டு போட்டு, துணிக்குத் துணி நான்கு விரல் இடம் விட்டு மாட்டுங்கள். கதவை மூடி ஏசியை ‘ட்ரை’யில் போட்டு, டேபிள் ஃபேனைத் துணியின் கீழ்ப்பக்கமாகத் திருப்பிவிடுங்கள். ஏசி ஓட்ட மனமில்லையென்றால் ஃபேன் மட்டும் போதும், ஆனால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஒரு மெஷின் துணியிலிருந்து மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது, அது வெளியே போக வழி வேண்டாமா? ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, பாக்கெட்டை இழுத்துவிட்டு, இடுப்பைக் கிளிப்பில் மாட்டுங்கள்.

வாடை வருவது ஒரு பாக்டீரியாவால். 2012ல் ஜப்பானில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். துணி எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதற்குக் கொண்டாட்டம். வாசனை லிக்விட் ஊற்றுவது வாடையின் மேல் செண்ட் அடிப்பதுதான், துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் போவதுதான் மிச்சம். நல்ல வெந்நீரில் ஊறப் போட்டுத் துவைத்து, அன்றைக்கே காய வையுங்கள்.

ஒரே ஒரு நிலையில் ட்ரையர் வாங்கச் சொல்வேன். உங்கள் மாமியார் படுக்கையோடு இருந்து, தினமும் இரண்டு மூன்று விரிப்பு மாற்ற வேண்டியிருந்தால், வாங்கத்தான் வேண்டும். அதைச் சொகுசு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அப்போதும் இரண்டும் ஒன்றான மெஷின் வேண்டாம், தனி ட்ரையர். குழாய் வைத்து ஆவியை வெளியே விடும் ரகம் என்றால் பால்கனிப் பக்கம் வழி இருக்கிறதா என்று பாருங்கள், அறைக்குள்ளேயே விட்டால் சுவர் பூத்துவிடும். சூட்டை வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ‘ஹீட் பம்ப்’ ரகம் விலை அதிகம், கரண்ட் பாதிதான் இழுக்கும். தினமும் ஓட்டுகிறவருக்கு அதுதான் சரி. எதுவானாலும் எர்த் சரியாக இருக்கும் 16 ஆம்பியர் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. நடமாட்டம் ‘குறைந்துபோன’ என்று எழுதியிருக்கிறீர்கள், அது எந்த அளவு என்று உங்களுக்குத்தான் தெரியும். தினமும் விரிப்பு மாற்றுகிற நிலை இல்லையென்றால் வேண்டாம். குழந்தையின் ஜட்டிகளுக்காக ட்ரையர் தேவையில்லை.

கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், நான் பயந்தது அதற்குத்தான். கிரில்லிலிருந்து ஏசி ஸ்டாண்டுக்குக் கம்பி. ஏசியில் எங்காவது கரண்ட் கசிவு இருந்து எர்த்தும் சரியில்லையென்றால், அந்த ஸ்டாண்டு, கம்பி, கிரில், அதில் தொங்கும் ஈரத்துணி எல்லாவற்றிலும் கரண்ட் இருக்கும். துணி எடுக்கப் போய்க் கம்பியில் ஷாக் அடித்துச் செத்தவர்கள் செய்தி மழைக்கு மழை வருகிறது, படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். மெயினை ஆஃப் செய்துவிட்டு, செருப்புப் போட்டுக்கொண்டு, அந்தக் கம்பியை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். நைலான் கயிறு வாங்கி, சுவரில் ஆணி அடித்துக் கட்டுங்கள், ஏசி ஸ்டாண்டில் கட்டாதீர்கள். ஆணி அடிக்கக் கூடாது என்று ஓனர் சொன்னால், மொட்டை மாடிச் சாவியைக் கேளுங்கள்.