கைப்பேசியில் தெரு வரைபடம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தைப்பூசத்திற்குக் குடும்பத்துடன் பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் செல்ல இருக்கிறோம். போய் இறங்கிய உடனே இணையம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நகரத் தெருக்களைப் பார்க்கக் கைப்பேசியில் எந்த மென்பொருளை ஏற்றிக்கொள்வது நல்லது? பணம் கட்டி வாங்க வேண்டுமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: பணம் கட்ட வேண்டிய தேவை இல்லை. நீங்கள் நிற்கும் இடத்தைக் கண்டறியும் வேலையும் அந்த இடத்தின் தெருக்களைத் திரையில் காட்டும் வேலையும் வேறு வேறானவை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். கைப்பேசியில் உள்ள ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை நேரடியாகப் பெறுவதால், அதற்கு இணையம் வேண்டியதில்லை. இணையம் இருந்தால் முதன்முறை இடத்தைக் கண்டுபிடிக்கும் நேரம் குறையும், அவ்வளவே. இணையம் தேவைப்படுவது தெருக்களின் படத்தைக் கொண்டுவருவதற்குத்தான். அந்தப் படத்தைப் புறப்படுவதற்கு முன்பே வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துவிட்டால், சிம் கார்டு இல்லாத கைப்பேசிகூட வெளியூரில் வழிகாட்டும். ஆகவே, இணையம் இல்லாதபோது எதையெல்லாம் செய்து தருகிறது என்பதையே தேர்வின் முதல் அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

கூகுள் மேப்ஸில் வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து இறக்கி வைக்க முடியும். ஆனால் இணையம் இல்லாத நேரத்தில் அது காரில் செல்வதற்கான வழியை மட்டுமே சொல்லும். நடந்து செல்லும் வழியையும், பேருந்து, ரயில் விவரங்களையும், போக்குவரத்து நெரிசலையும் சொல்லாது. இறக்கிய படத்துக்குக் காலாவதியும் உண்டு என்பதால், பழைய பயணத்தின்போது இறக்கியதை நம்பாமல் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்கள் நடந்தே பார்க்க வேண்டியவை. 2008 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இருப்பவை. அங்கே கார் வழி மட்டும் தெரிந்து பயனில்லை. அதனால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடத்தை அடிப்படையாகக் கொண்ட செயலி ஒன்றையும் துணைக்கு வைத்துக்கொள்ளுமாறு உறுதியாகச் சொல்வேன். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வரைந்து வரும் வரைபடம் அது. அதைக் கொண்டு இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் இலவசமானது, விளம்பரம் இல்லாதது, இணையமின்றியே நடை வழியையும் சொல்வது. ஆஸ்ம்அண்ட் என்னும் செயலியில் வசதிகள் இன்னும் அதிகம். ஆனால் அமைப்புகளைப் பழகச் சிறிது பொறுமை வேண்டும், இலவசப் பதிப்பில் இறக்கும் வரைபடங்களின் எண்ணிக்கைக்கு வரம்பும் உண்டு. வீட்டில் எல்லோரும் பயன்படுத்தப் போகும் கைப்பேசி என்றால் முன்னதே போதும்.

எதை ஏற்றினாலும், மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டுத் தேவகோட்டைத் தெருக்களில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். செயலியைப் பழக அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நம் ஊரில் சரியாக இருப்பதாலேயே பினாங்கிலும் சரியாக இருக்கும் என்று கொள்ள முடியாது. வரைபடத்தின் நேர்த்தி ஊருக்கு ஊர் மாறும். அங்கே இருக்கும் உறவினரிடம் அவர் வீட்டருகே உள்ள சந்து ஒன்றின் பெயரைக் கேட்டு, அது வரைபடத்தில் இருக்கிறதா என்று இங்கிருந்தே பார்த்துவிடுங்கள்.

பெயர்களிலும் கவனம் தேவை. பழைய கடிதங்களிலும் பெரியவர்கள் பேச்சிலும் வரும் பீச் ஸ்ட்ரீட், இன்றைய வரைபடத்தில் லெபோ பந்தாய் என்றும், மார்க்கெட் ஸ்ட்ரீட் லெபோ பாசார் என்றும் இருக்கலாம். பினாங்கில் நாம் தண்ணீர்மலை என்று சொல்லும் முருகன் கோயிலுக்குச் செல்ல, முன்பு வாட்டர்ஃபால் ரோடு எனப்பட்ட ஜாலான் கெபுன் புங்காவைத் தேட வேண்டும். சிங்கப்பூரில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஆறு இலக்க அஞ்சல் குறியீடு பெரும்பாலும் ஒரு கட்டடத்தையே குறிப்பதால், 238065 என்று தேடினாலே டேங்க் ரோட்டிலுள்ள தண்டாயுதபாணி கோயிலின் வாசலுக்குப் போய்விடலாம். சிங்கப்பூர் நில ஆணையம் நடத்தும் ஒன்மேப் என்னும் அரசு வரைபடமும் நம்பத் தகுந்தது. விடுதி, கோயில், உறவினர் வீடு ஆகியவற்றை ஊரில் இருக்கும்போதே தேடிச் சேமித்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: சித்தப்பா மலேசியாவிலிருந்து கொண்டுவந்த பழைய கார்மின் ஜிபிஎஸ் கைக்கருவி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. அதை நம் ஊரில் பயன்படுத்த முடியுமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: வரைபடம் ஏற்றக்கூடிய மாதிரியாக இருந்தால் முடியும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து கார்மின் கருவிகளுக்காகவே உருவாக்கப்பட்ட இலவச வரைபடக் கோப்புகள் கிடைக்கின்றன. கணினி வழியாக நினைவக அட்டையில் ஏற்ற வேண்டும். 2019 ஏப்ரலில் ஜிபிஎஸ் அமைப்பின் வார எண்ணிக்கை மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கியதால் மிகப் பழைய கருவிகள் சிலவற்றில் தேதி தவறாகத் தெரிவதுண்டு. முதலில் அதைச் சரிபாருங்கள். தெரு தேடுவதற்கென்றால் கைப்பேசியே வசதி.

கேள்வி: எங்கள் அப்பச்சி தமிழ் மட்டுமே படிப்பார்கள். காரைக்குடியிலும் மதுரையிலும் அவர்கள் தனியாகப் போய்வர, தெருப்பெயரைத் தமிழில் காட்டும் மென்பொருள் எது?
– வாசகி, காரைக்குடி

பதில்: கூகுள் மேப்ஸில் மொழியைத் தமிழாக மாற்றிக்கொண்டால் வழியைத் தமிழில் பேசியும் சொல்லும், கண் பார்வை மங்கிய பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. வரைபடத்தில் எழுதப்பட்டுள்ள பெயர்களைப் பொறுத்தவரை ஆஸ்ம்அண்ட் செயலியில் விருப்ப மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் தமிழ்நாட்டு வரைபடத்தைத் தனியாகவே இறக்க முடியும். ஆனால் ஒரு தெருவுக்கு யாராவது தமிழ்ப் பெயரைப் பதிந்திருந்தால்தான் அது தமிழில் தெரியும். செக்காலை, கழனிவாசல், கல்லுக்கட்டி ஆகிய பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அதனால் தேடியது கிடைக்காமல் போவதும் உண்டு. உங்கள் தெருவுக்கும் அப்பச்சி வழக்கமாகச் செல்லும் தெருக்களுக்கும் தமிழ்ப் பெயர் இல்லையென்றால், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி நீங்களே பதியலாம். பெயர்ப்பலகையில் உள்ளபடி ஒற்றுப்பிழையில்லாமல் பதியுங்கள். நம் ஊர்ப் பெயர்களை நம்மைத் தவிர வேறு யார் சரியாக எழுதிவிடப் போகிறார்கள்?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பரம்பரை வீட்டின் ஒரு பகுதியை விருந்தினர் தங்குவதற்குக் கொடுத்துவருகிறோம். வரைபடத்தை நம்பி வருகிறவர்கள் பின் தெருவுக்குப் போய், பூட்டிய கொல்லைக் கதவின் முன் நிற்கிறார்கள். முகப்பைச் சரியாகக் காட்டும் மென்பொருள் எது?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: செட்டிநாட்டு ஊர்கள் பலவற்றிலும் இதே சிக்கல் இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் நம்முடையவை. வரைபடத்தில் வீட்டின் குறி கட்டடத்தின் நடுவில் விழுந்திருந்தால், மென்பொருளுக்கு வாசல் எந்தப் பக்கம் என்பது தெரியாது. குறிக்கு மிக அருகில் உள்ள சாலை எதுவோ அதில் கொண்டுபோய் விட்டுவிடும். குறி இரண்டாம் கட்டுக்குச் சற்றே அப்பால் இருந்தாலும் பின் தெருவே அருகில் என்றாகிவிடும். ஆகவே செயலியை மாற்றுவதால் பயனில்லை. குறியை முகப்புக்கு நகர்த்த வேண்டும். அதை ஒவ்வொரு வரைபடத்திலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

கூகுள் மேப்ஸில் உங்கள் இடத்தைத் திறந்து, திருத்தம் பரிந்துரைக்கும் வசதியின் வழியே குறியை இழுத்து முகப்பில் வையுங்கள். அப்போது செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு செய்வது நல்லது: ஓட்டுக் கூரையும் வளவின் திறந்த முற்றமும் அதில் தெளிவாகத் தெரிவதால், முகப்பு எது என்பதில் ஐயம் எழாது. கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று குறிப்பதைவிட இதுவே துல்லியம். திறந்த வெளியிலேயே கைப்பேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் வரை பிசகும். இருபுறமும் உயர்ந்த சுவர்கள் எழும்பி நிற்கும் தெருவில் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்புவதால் பிசகு இன்னும் கூடும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கட்டடத்தின் எல்லையை வரைந்து, தலைவாசலைத் தனிப் புள்ளியாகக் குறிக்கும் முறை இருக்கிறது. மேப்மைஇந்தியா நிறுவனத்தின் மேப்பிள்ஸ் செயலியையும் நம் நாட்டில் பலர் பயன்படுத்துவதால், அதிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவற்றோடு அஞ்சல் துறை 2025இல் வெளியிட்ட டிஜிபின் குறியீட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஹைதராபாத் ஐஐடியும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் துணைநின்று உருவாக்கிய இம்முறை, நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தெண் கொண்ட குறியீட்டைத் தருகிறது. ஊர் முழுவதற்கும் ஒரே எண்ணாக இருக்கும் பின்கோடு போன்றதன்று இது. உங்கள் முகப்புக்கு ஒரு குறியீடும் கொல்லைக் கதவுக்கு வேறொரு குறியீடும் இருக்கும். எல்லா வரைபடச் செயலிகளும் இதை ஏற்பதில்லை என்பதால், முகப்பின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் சேர்த்து விருந்தினருக்கு அனுப்புங்கள். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்கள் வரை கொடுத்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவுக்கு இடத்தைக் குறித்துவிடலாம். பெரும்பாலான செயலிகளின் தேடு பெட்டியில் அந்த எண்களை அப்படியே இட முடியும்.

திருத்தங்கள் வரைபடத்தில் ஏறிய பிறகு, ஊருக்குப் புதியவரான ஒருவரைத் திருச்சி பக்கத்திலிருந்து ஒரு முறையும் காரைக்குடி பக்கத்திலிருந்து ஒரு முறையும், யாரிடமும் வழி கேட்காமல் செயலியை மட்டும் பார்த்து வரச் சொல்லுங்கள். இரண்டு முறையும் முகப்பில் வந்து இறங்கினால் விருந்தினருக்கு அந்த இணைப்பையே அனுப்பலாம்.