அமெரிக்கத் தங்கக் காசுகள்: வாசகர் கேள்வி, நமது பதில்

வெளிநாட்டுத் தங்கக் காசுகளைப் பற்றி ஒரு சின்னக் குறிப்புதான் போன இதழில் போட்டிருந்தோம். அதற்கே இத்தனை கடிதம் வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கொங்குப் பக்கம் பாதி வீட்டில் ஒரு பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறது, திருப்பூர்க்காரர்களுக்கோ பனியன் வாங்க வரும் பையர்களே பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வந்த கேள்விகளில் எல்லோருக்கும் பயன்படக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மகன் டெக்சாஸில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தபோது சுதந்திர தேவி சிலை முகம் போட்ட 1986ஆம் வருஷத்து 5 டாலர் தங்கக் காசு ஒன்றைப் பெட்டி, சான்றிதழோடு கொடுத்தான். ஈரோட்டில் நகைக்கடையில் காட்டினால் "டச் கம்மிங்க, 22 கேரட் கூட வரலீங்க" என்கிறார்கள். ஏமாற்றப் பார்க்கிறார்களா?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

இல்லை அம்மா, அவர்கள் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அந்தக் காசில் ஆயிரத்துக்கு 900 பங்கு தங்கம், அதாவது 90 டச். நம் ஹால்மார்க் நகை 916. டச் குறைவு சரி, எடை? காசு 8.359 கிராம். அதில் சுத்தத் தங்கம் மட்டும் 7.52 கிராம். ஒரு பவுன் ஹால்மார்க் தங்கத்தில் இருப்பதோ 7.33 கிராம்தான். ஆக, உங்கள் கையில் இருப்பது ஒரு பவுனைவிடக் கொஞ்சம் கூடுதலான தங்கம். கடையில் டச்சைப் பற்றிப் பேச்சை ஆரம்பித்தால் நீங்கள் சுத்த எடையைப் பற்றிப் பேசுங்கள், அன்றைய 24 கேரட் விலையால் அதைப் பெருக்கி, அதிலிருந்து எவ்வளவு கழிக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

சேகரிப்பவர் கூடுதலாகக் கொடுப்பாரா என்றால், இந்தக் காசுக்குப் பெரிதாகக் கிடைக்காது. சட்டம் அனுமதித்ததே 5 லட்சம் காசு, சிலையைப் புதுப்பிக்கப் பணம் திரட்ட வெளியிட்டார்கள், அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்கப் பெட்டியோடு புதுசாகவே கிடக்கிறது. அதனால் தங்க விலையை ஒட்டியேதான் போகும். மகன் கொடுத்தது, அவசரம் இல்லையென்றால் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியையும் சான்றிதழையும் காசிலிருந்து பிரித்து வேறு இடத்தில் வைக்காதீர்கள்.

எங்கள் அப்பிச்சியின் டிரங்குப் பெட்டியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தங்கக் காசு இருந்தது. ஒரு பக்கம் ஒரு துரையின் தலை, மறுபக்கம் 1803-1903 என்று இரண்டு வருஷம். விளிம்பில் பற்று வைத்த தடம் இருக்கிறது. 1803ஆம் வருஷத்துக் காசு என்றால் பெரிய விலை போகுமே?
— வாசகர், தாராபுரம்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன், அவ்வளவு நல்ல காசு உங்களிடம் இருக்கிறது. 1803 அது அடித்த வருஷம் இல்லை. அந்த ஆண்டு அமெரிக்கா நெப்போலியனிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியது. அதன் நூற்றாண்டுக்காக செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த பெரிய கண்காட்சிக்காக 1 டாலர் தங்கக் காசு அடித்தார்கள், அமெரிக்க அரசின் முதல் நினைவுத் தங்கக் காசே இதுதான். இரண்டு வகை உண்டு. முடியைப் பின்னால் இழுத்துக் கட்டிய பழைய காலத்துத் தலை என்றால் நிலத்தை வாங்கிய ஜெஃபர்சன். குட்டை முடி, கழுத்தில் டை என்றால் 1901இல் சுட்டுக் கொல்லப்பட்ட மெக்கின்லி. பெயர் காசில் இருக்காது, தலையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அடித்தது இரண்டு வகையும் சேர்த்து 2,50,000. ஒரு டாலர் காசை 3 டாலருக்கு விற்றார்கள், யார் வாங்குவார்கள்? வகைக்கு 17,500 போல வெளியே போக, மிச்சத்தை அரசே திரும்ப உருக்கிவிட்டது. வாங்கியவர்களிலும் நிறையப் பேர் ப்ரூச்சில், கழுத்து டையில் குத்தும் ஊசியில் வைத்துப் போட்டுக்கொண்டார்கள், கண்காட்சியிலேயே அப்படிப் பொருத்தியும் விற்றார்கள். உங்கள் காசில் இருக்கும் பற்றுத் தடம் அங்கேயே வைத்ததா, இல்லை நம் ஊர் ஆசாரி பதக்கத்துக்கு வைத்ததா என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. எப்படியிருந்தாலும் பற்று பட்ட காசுக்குச் சேகரிப்பாளர் மதிப்பு நன்றாக இறங்கிவிடும், சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. எடை 1.67 கிராம், நம் கணக்கில் பவுனில் ஐந்தில் ஒரு பங்கு. தங்கத்துக்காக விற்றால் கிடைப்பது கொஞ்சம்தான், ஆனால் பற்றோடு இருந்தாலும் இது நூறு வருஷத்துக்கு மேலான காசு, சேகரிப்பவர் ஒருவர் தங்க விலைக்கு மேலே கொடுத்து வாங்கிக்கொள்வார். உருக்குக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தடத்தை அரத்தால் ராவி மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் காசை உள்ளே வைத்துவிடுங்கள்.

காசு மங்கலாக இருக்கிறது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து பிரஷ் போட்டுத் தேய்க்கலாமா?
— வாசகி, பெருந்துறை

கூடாது. நகைக்குச் சரி, காசுக்குக் கூடாது. பிரஷ் இழுத்த மெல்லிய கீறல்கள் லென்ஸில் பளிச்சென்று தெரியும், "தேய்த்த காசு" என்று ஒதுக்கிவிடுவார்கள். உரைகல்லில் உரசவும் விடாதீர்கள். இப்போது ஊர் ஊருக்குக் கேரட்மீட்டர் மிஷின் வந்துவிட்டது, அதில் காசை உரசாமலே பார்க்கலாம். எடுக்கும்போது விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

இந்த அமெரிக்க நினைவுத் தங்கக் காசு வரிசையிலேயே எதற்கு அதிக விலை? ஒருநாள் வாங்க முடியுமா என்ற ஆசையில் கேட்கிறேன்.
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

ஆசைப்படுங்கள், நல்ல ஆசைதான். பனாமா கால்வாய் திறந்ததைக் கொண்டாட 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் கண்காட்சி நடந்தது. 1906 பூகம்பத்தில் இடிந்து எரிந்த ஊர், ஒன்பதே வருஷத்தில் எழுந்து நிற்கிறோம் என்று உலகத்துக்குக் காட்டுகிறது. அதற்காக அந்த ஊர் நாணயச்சாலையிலேயே அடித்த 50 டாலர் காசு இரண்டு. ஒன்று வட்டம், மற்றது எட்டு மூலை. இராபர்ட் எய்ட்கன் என்ற சிற்பி வடித்தது. ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட மினர்வா தெய்வம், மறுபக்கம் பைன் கிளையில் உட்கார்ந்த ஆந்தை, எட்டு மூலைக் காசில் மூலைக்கு ஒன்றாக டால்பின் மீன். ஒவ்வொன்றும் 83.59 கிராம், பத்துப் பவுனைத் தாண்டிய எடை, ஒரே காசாக!

வகைக்கு 1,500 அடிக்க அனுமதி இருந்தது. விலை 100 டாலர், அந்தக் காலத்தில் தொழிலாளி ஒருவருக்கு அது மாதச் சம்பளத்துக்கும் மேல். கடைசியில் வட்டக் காசு 483, எட்டு மூலை 645 மட்டுமே போனது, மீதி உருக்குக்குப் போய்விட்டது. இன்றைக்கு நல்ல நிலையில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் நம் ரூபாயில் பல பத்து லட்சங்கள். அதே கண்காட்சிக்கு 1 டாலரும் இரண்டரை டாலரும் தங்கத்தில் வந்தன, அதில் தொடங்கலாம். 1903 முதல் 1926 வரை வந்த பழைய நினைவுத் தங்கக் காசு மொத்தமே 13 வகைதான், அதனால் படித்து முடிக்கக்கூடிய துறை இது. வாங்குவதற்கு முன் படியுங்கள்.

முதலீடாக வாங்கலாம் என்கிறார் நண்பர். குறைவாக அடித்த காசாகப் பார்த்து வாங்கினால் விலை ஏறிக்கொண்டே போகுமாமே?
— ஏற்றுமதித் தொழில் செய்யும் வாசகர், திருப்பூர்

நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒரு காசைச் சொல்கிறேன். 1997இல் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் நினைவாக 5 டாலர் தங்கக் காசு வந்தது. வெள்ளையர் மட்டுமே ஆடிய பெரிய லீக்கில் 1947இல் கறுப்பினத்தவராகக் கால் வைத்தவர். அந்தக் காசில் ப்ரூஃப் என்னும் கண்ணாடிப் பளபளப்பு வகையைத் தவிர்த்து, சாதாரண வகை விற்றது 5,174 மட்டுமே. புதுக் காலத்து 5 டாலர் தங்கத்தில் இதைவிடக் குறைவாக ஒன்று கிடைப்பது கஷ்டம் என்று பேர் வாங்கி, விலை பல ஆயிரம் டாலருக்கு ஏறியது. அப்புறம் என்ன ஆனது? எல்லாப் புதுக் காசையும் வரிசையாகச் சேர்க்கிறவர்கள் குறையக் குறைய, விலையும் மளமளவென்று இறங்கியது. எண்ணிக்கை 5,174 அப்படியேதான் இருக்கிறது, கேட்கிற ஆள்தான் குறைந்துவிட்டான். எத்தனை அடித்தார்கள் என்பதோடு, எத்தனை பேருக்கு வேண்டும் என்பதையும் பார்த்தால்தான் விலை புரியும். அதனால் பிள்ளையின் படிப்புப் பணத்தைப் போட்டு வாங்காதீர்கள். தங்கமாக வேண்டும் என்றால் தங்க விலைக்குப் பக்கத்தில் கிடைக்கிற 1986, 1987ஆம் வருஷத்து 5 டாலர் காசை வாங்குங்கள், இறங்கினாலும் தங்கம் இருக்கிறது. கதைக்காகக் காசு வேண்டும் என்றால் பிடித்ததை வாங்குங்கள், அந்தக் கூடுதல் விலை திரும்ப வராவிட்டாலும் மனம் வருந்தாத அளவுக்கு.

பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து "எம்.எஸ் 65", "பி.எஃப் 69" என்று எண் போட்டு வருகிறதே, அது என்ன? என்னிடம் இருக்கும் 1905 காசை அமெரிக்காவுக்கு அனுப்பி எண் வாங்கலாமா?
— வாசகர், நாமக்கல்

1 முதல் 70 வரை தரம் போடும் முறை. எம்.எஸ் என்றால் புழக்கத்தில் போகாத காசு, பி.எஃப் என்றால் ப்ரூஃப். பி.சி.ஜி.எஸ், என்.ஜி.சி என்ற இரண்டு நிறுவனங்களின் எண்ணைத்தான் சந்தை பெரும்பாலும் மதிக்கிறது. பழைய காசில் 63க்கும் 65க்கும் நடுவிலேயே விலை எகிறும். புதுக் காசில் 69 என்பது சர்வ சாதாரணம், அதற்குக் கூடுதல் கொடுக்காதீர்கள். பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள், அதனால் அதன் மேல் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் படமும் கையில் உள்ள காசும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

அனுப்புவது வேறு விஷயம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் ஆன எந்தக் காசும் இந்தியாவில் தொல்பொருள்தான், அமெரிக்கக் காசாக இருந்தாலும். தனி ஆள் அதை நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. கூரியரில் போட்டுவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். நல்ல படம் எடுத்து, எடை, குறுக்களவு குறித்து, இங்கேயே நாணயக் கழகங்களில் விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். அங்கிருந்து பிள்ளைகள் கொண்டுவரும்போதும் ஒன்று: விமான நிலையத்தில் தீர்வை இல்லாத சலுகை நகைக்குத்தான், காசுக்கு இல்லை. சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லித் தீர்வை கட்டி, ரசீதைக் காசோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வெள்ளலூரிலும் கரூர் அமராவதி ஆற்றிலும் ரோமானியக் காசே கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு அமெரிக்கக் காசு எதற்கு?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காங்கேயம்

இரண்டும் வேண்டும் ஐயா. ரோமானியத் தங்கத்தில் பலவற்றை நம் முன்னோர் வளையம் வைத்தும் ஓட்டை போட்டும் கழுத்தில் அணிந்திருக்கிறார்கள், தாராபுரத்து அப்பிச்சி காசுக்கும் அதே கதைதான். ஆனால் மண்ணில் கிடைத்த காசை யாருக்கும் சொல்லாமல் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். வயலில் ஏர் ஓட்டும்போது எதுவும் கிடைத்தால் தாசில்தார் அலுவலகத்துக்கு அன்றைக்கே எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.