தீர்மானம் போட்டாச்சு, வேலை எங்கே?

நகராட்சி, பேரூராட்சி மன்றங்கள் எடுக்கும் முடிவுகள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

எங்கள் தெருவுக்கு சிமென்ட் சாலை போட நகர்மன்றத்தில் தீர்மானம் நிறைவேறி எட்டு மாதம் ஆகிறது. கவுன்சிலரைக் கேட்டால் ‘பாஸாகிவிட்டது’ என்கிறார். அலுவலகத்தில் கேட்டால் ‘ஃபைல் நகர்கிறது’ என்கிறார்கள். எங்கே மாட்டிக்கொண்டிருக்கும்?
வாசகர், திருவாரூர் மாவட்டம்

இருவரும் பொய் சொல்லவில்லை. தீர்மானம் என்பது ‘இந்த வேலையைச் செய்யலாம்’ என்ற மன்றத்தின் சம்மதம் மட்டுமே. அதற்குப் பிறகும் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று நான்கு படிகள் இருக்கின்றன. கல்லும் மணலும் தெருவில் வந்து இறங்குவது பணி ஆணைக்குப் பிறகுதான்.

முதலில் தீர்மான நகலை வாங்கிப் படியுங்கள். அஜெண்டாவில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ‘அலுவலகக் குறிப்பு’ என்று ஒரு பத்தி இருக்கும். பலர் படிக்காமல் விடும் அந்தப் பத்தியில்தான் விஷயமே இருக்கிறது. எந்த நிதியிலிருந்து செலவு என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். பொது நிதியா, மாநில நிதி ஆணைய மானியமா, மத்திய நிதி ஆணைய மானியமா என்று பாருங்கள். ‘நிதி ஆதாரம் பெறப்பட்டவுடன்’, ‘அரசுக்குக் கருத்துரு அனுப்ப’ போன்ற சொற்கள் இருந்தால், உங்கள் சாலைக்கு இன்னும் பணம் ஒதுக்கவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட தீர்மானங்கள் நூறு போட்டாலும் நகராட்சிக்குச் செலவில்லை. தேர்தல் நெருங்கும்போது அவை கூடுதலாக வருவதற்கும் அதுதான் காரணம்.

பணம் இருக்கிறது என்றால் அடுத்து மதிப்பீடு. தொகையைப் பொறுத்து நகராட்சிப் பொறியாளரோ அவருக்கு மேலே உள்ள பொறியாளரோ தொழில்நுட்ப அனுமதி தரவேண்டும். மதிப்பீடு போட்டது ஒரு விலைப் பட்டியலில், ஒப்பந்தப்புள்ளி கோரும்போது சந்தை விலை வேறு என்றால் யாரும் கேட்க வரமாட்டார்கள், அல்லது மதிப்பீட்டைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். உடனே மறு ஒப்பந்தப்புள்ளி. எட்டு மாதத் தாமதங்களில் பெரும்பகுதி இங்கேதான் கழியும்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ஐ ஒட்டிய விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தரவேண்டும். அதனால் விலை கேட்கும் கட்டத்துக்கு மட்டும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றால் அதற்குக் காரணம் கேட்கலாம்.

இதையெல்லாம் வாய்மொழியாகக் கேட்டு அலையாதீர்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘ஏன் தாமதம்?’ என்று கேட்டால் ‘தகவல் வரையறைக்குள் வராது’ என்று பதில் வரலாம். ஆவணமாகக் கேளுங்கள்: தீர்மான எண், தேதி, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி ஆணைகளின் நகல், மதிப்பீட்டின் நகல், ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வெளியான தேதி, பணி ஆணை நகல். இல்லாத ஆணைக்கு ‘வழங்கப்படவில்லை’ என்று எழுதித் தந்தே ஆகவேண்டும். கோப்பு எந்தப் படியில் நிற்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

மதிப்பீடு கைக்கு வந்ததும் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, பழைய சாலையைச் சுரண்டி எடுக்கும் வேலை. மேலேயே போட்டுக்கொண்டு போவதால் வீடு பள்ளமாகிறது என்பதற்காக, சுரண்டிவிட்டே போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலர் உத்தரவிட்டார். மதிப்பீட்டில் அந்த வரி இல்லை என்றால் களத்தில் அது நடக்கப்போவதில்லை. இன்னொன்று கான்கிரீட்டின் கன அளவு. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. தடிமன் என்றால் 45 கன மீட்டர் வரவேண்டும். தடிமன் 10 செ.மீ. ஆகக் குறைந்தால் 30-தான். பணம் பட்டுவாடா ஆவது எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதிய கணக்கின்படி. அதன் நகலையும் கேட்கலாம். வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும்கூட தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) உரிமை தருகிறது. பலருக்குத் தெரியாத பிரிவு இது.

எங்கள் வார்டு கவுன்சிலர் ‘என் நிதியில் செய்து தருகிறேன்’ என்கிறார். நகராட்சி கவுன்சிலருக்குத் தனி நிதி உண்டா?
வாசகி, நாமக்கல் மாவட்டம்

எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி. அதிலும் அவர்கள் பரிந்துரைக்கத்தான் முடியும், அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம். சாதாரண நகராட்சியில் கவுன்சிலர் கையால் எடுத்துத் தரும் பணம் என்று எதுவும் இல்லை. வார்டுகளுக்கு ஒதுக்கும் வேலையை ‘என் நிதி’ என்று சொல்வது பேச்சு வழக்கு. எந்தத் திட்டம், எந்த நிதித் தலைப்பு என்று கேளுங்கள். பதில் வந்தால் வேலை வரும்.

தெருவாசிகள் சேர்ந்து பூங்காவுக்கு வேலியும் நடைபாதையும் போட நினைக்கிறோம். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் எவ்வளவு கட்ட வேண்டும்? எங்கே தவறு நடக்கும்?
குடியிருப்போர் சங்கம், ஈரோடு மாவட்டம்

மக்கள் ஒரு பங்கு கட்ட, மீதியை அரசு போடும் திட்டம் இது. பொதுமக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒரு பகுதி. கவனிக்க வேண்டியது, எதில் மூன்றில் ஒன்று என்பதை. வேலையின் விலையில் அல்ல, மொத்த மதிப்பீட்டில்.

கணக்கைப் பாருங்கள். வேலிக்கும் நடைபாதைக்கும் 8,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 1,44,000. தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், 8,000. ஆக 9,52,000. பெயர்ப்பலகை, சில்லறை இனங்கள் சேர்த்து 9,60,000 என்று வரும். உங்கள் பங்கு 3,20,000. 64 வீடு என்றால் வீட்டுக்கு 5,000. 40 வீடு மட்டும் சேர்ந்தால் 8,000. ‘எட்டு லட்சம் வேலைதானே’ என்று 2,67,000 மட்டும் வசூலித்துவிட்டுக் கடைசியில் 53,000 ரூபாய்க்கு வீடு வீடாக மறுபடி ஏறி இறங்கும் சங்கங்கள் உண்டு. முதல் வசூலில் கொடுத்த உற்சாகம் இரண்டாவது வசூலில் இருக்காது.

அதனால் மதிப்பீடு போட்ட பிறகே வசூலைத் தொடங்குங்கள். முதலில் சங்கத்தின் தீர்மானத்தோடு ஆணையருக்கு விண்ணப்பம், பேரூராட்சியாக இருந்தால் செயல் அலுவலருக்கு. பிறகு உதவிப் பொறியாளர் வந்து அளந்து மதிப்பீடு தயாரிப்பார். அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு பணம் திரட்டுங்கள். ரொக்கமாக யாரிடமும் தரவேண்டாம். வரைவோலையாகவோ நகராட்சிக் கணக்கிலோ கட்டி ரசீது வாங்குங்கள்.

தவறுகள் மூன்று இடங்களில் நடக்கின்றன. இடம் நகராட்சிக்குச் சொந்தமில்லை என்பது முதலாவது. மனைப்பிரிவு போட்டவர் பூங்காவைத் தானப் பத்திரம் எழுதித் தராமல் விட்டிருந்தால், மக்கள் பங்கு கட்டியிருந்தாலும் அங்கே பொதுப்பணம் செலவு செய்ய முடியாது. இரண்டாவது பராமரிப்பு. வேலி போட்ட ஆறாம் மாதம் கதவுக் கீல் உடையும், புதர் மண்டும். யார் பார்ப்பது என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். மூன்றாவதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது: வேலையை எடுக்க நினைக்கும் ஒப்பந்ததாரரே ‘உங்கள் பங்கை நான் கட்டிவிடுகிறேன், சங்கத்தின் பெயர் மட்டும் போதும்’ என்று வருவது. கட்டிய பணத்தை அவர் சிமென்டில்தான் மீட்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

குடிநீருக்கு வந்த பணம் செலவாகாமல் கிடக்கிறதாம். அதை எடுத்துத் தெருவிளக்குக்குப் போட மன்றம் தீர்மானிக்கக் கூடாதா?
வாசகர், தேனி மாவட்டம்

15-வது நிதி ஆணைய மானியமாக இருந்தால் முடியாது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு அந்த மானியத்தில் 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கும், 30 சதவீதம் சுகாதாரம், திடக்கழிவுக்கும் மட்டுமே என்று ஒதுக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்தில்தான் மன்றத்துக்குச் சுதந்திரம். அதிலும் சம்பளம் போடக்கூடாது. தெருவிளக்கு அந்த 40-இல் வரலாம், அல்லது சொத்து வரி சேரும் பொது நிதியில்.

தெருநாய்த் தொல்லை தாங்கவில்லை. எல்லாக் கட்சி கவுன்சிலர்களும் சேர்ந்து ‘பிடித்து ஊருக்கு வெளியே விட வேண்டும்’ என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். ஆணையர் நிறைவேற்ற மறுக்கிறார். மன்றம் பெரிதா, அதிகாரி பெரிதா?
வாசகர், கடலூர் மாவட்டம்

இரண்டையும்விடச் சட்டம் பெரிது. மத்திய அரசின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-இன்படி, பிடித்த நாயைக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் இதையே சொன்னது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. பிறகு அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடிப்பவற்றை அங்கே திரும்ப விடக் கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ‘ஊருக்கு வெளியே’ என்பது இதில் எங்கும் இல்லை. ஆணையர் செய்தது சரி.

மன்றம் செய்யக்கூடியது வேறு: கருத்தடை மையத்துக்குப் பணம் ஒதுக்குவது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி கூண்டுகளின் எண்ணிக்கை. பிடித்த நாள், அறுவை, புண் ஆறும் நாட்கள் எல்லாம் சேர்த்து ஒரு நாய்க்குக் கூண்டு ஐந்து நாள் தேவை என்று கொண்டால், 20 கூண்டில் நாளைக்கு 4 நாய், மாதத்துக்கு 120-தான் முடியும். ஊரில் இரண்டாயிரம் நாய் என்றால் ஒரு சுற்றுக்கே ஒன்றரை ஆண்டு நெருங்கும். அதற்குள் குட்டிகள் வந்துவிடும். ‘நிதி ஒதுக்கினோமே, குறையவில்லையே’ என்பதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். ஊரெங்கும் பத்துப் பத்தாகப் பிடிப்பதைவிட ஒரு வார்டை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது பலன் தரும். கருத்தடை ஆனதற்குக் காதில் அடையாள வெட்டு இருக்கும், நீங்களே எண்ணலாம்.

பேருந்து நிலையத்துக்கு வெளியே இருபது வருடமாகப் பூ விற்கிறேன். அப்புறப்படுத்தத் தீர்மானம் போட்டுவிட்டார்களாம். என்ன செய்வது?
பூ வியாபாரி, திண்டுக்கல் மாவட்டம்

அம்மா, தீர்மானத்தை வைத்து மட்டும் உங்களை எழுப்ப முடியாது. தெரு வியாபாரிகள் சட்டம் 2014 இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை ஏற்கெனவே வியாபாரம் செய்பவரை அகற்றக் கூடாது. அதன் பிறகும் 30 நாள் நோட்டீஸ் தரவேண்டும். நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் 40 சதவீதம் வியாபாரிகளே, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

உடனே செய்ய வேண்டியது: உங்களிடம் உள்ள அடையாள அட்டை, தரைக்கட்டண ரசீது, பழைய படம், எது இருந்தாலும் நகல் எடுத்து, ஆணையருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். கணக்கெடுப்பில் உங்கள் பெயர் உண்டா என்று அதில் கேளுங்கள். பொருளைப் பறித்தால் பட்டியல் தரச் சொல்லுங்கள். பூ அழுகும் பொருள் என்பதால் கேட்ட அன்றே திருப்பித் தரவேண்டும். தராசு, பெட்டி போன்றவற்றுக்கு இரண்டு வேலை நாள்.

மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடத்தில் சமுதாயக் கூடம் கட்ட மன்றம் தீர்மானித்திருக்கிறது. நல்ல காரியம்தானே என்கிறார்கள். சரியா?
வாசகி, காஞ்சிபுரம் மாவட்டம்

நல்ல காரியம் என்பதால் மட்டும் சரியாகிவிடாது. பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1991-இல் உறுதி செய்தது. ஊருக்கு மருத்துவமனையும் நல்லதுதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. மக்கள் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தானே மனை வாங்கினார்கள்?

நகர் ஊரமைப்புத் துறை அங்கீகரித்த வரைபட நகல், தானப் பத்திரம், வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேடு ஆகிய நான்கையும் எடுங்கள். நான்கிலும் சர்வே எண்ணும் பரப்பும் ஒத்துப்போக வேண்டும். பத்திரம் பதிவாகியும் பதிவேட்டில் பெயர் மாறாமல் கிடப்பது சகஜம். அந்த ஓட்டை வழியாகத்தான் பூங்கா பிறகு மனையாக விற்றுப் போகிறது. ஆட்சேபணை மனுவில் இந்த எண்களை எழுதுங்கள்.

இவ்வளவையும் பேச நமக்கு இடம் எது? மன்றக் கூட்டத்தில் பேச விடமாட்டார்களே.
வாசகர், சிவகங்கை மாவட்டம்

பகுதி சபை. கிராமங்களுக்குக் கிராம சபை போல நகரங்களுக்கு 2022-இல் விதிகள் வந்து, முதல் கூட்டம் அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று நடந்தது. ஒவ்வொரு வார்டையும் பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று ஆண்டுக்கு நான்கு நாள். பகுதிப் பிரதிநிதிகளும் கவுன்சிலரும் சேர்ந்ததே வார்டு குழு.

அங்கே போய் ‘சாலை சரியில்லை, தண்ணி வரலை’ என்றால் ‘பொதுமக்கள் அடிப்படை வசதி கோரினர்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். ஒரு தாளுக்கு ஒரு கோரிக்கை. தெருவின் பெயர், எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, எத்தனை மீட்டர், படம். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கூட்டம் முடிந்த ஒரு வாரத்தில் நடவடிக்கைக் குறிப்பைப் பார்த்து, உங்கள் கோரிக்கை அதில் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். ஏறவில்லையென்றால் கையெழுத்து வாங்கிய பிரதியோடு அன்றே மனு கொடுங்கள், அடுத்த மன்றக் கூட்ட அஜெண்டா அச்சாகும் முன்.